மினிட்ஸ் நோட்டின் பூர்வீகம்

திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். எதிர்வீட்டு வராந்தாவில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஓணம் நெருங்கிய ஒரு ஞாயிறு, அத்தப்பூவுக்குப் பூ வாங்கிய கணக்கில் நாற்பது ரூபாய் இடித்தது. வாங்கி வந்த பையன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம், குரலும் பெரிசு. அவன் எழுந்து கத்த ஆரம்பித்ததும், தலைமையில் இருந்த பெண் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இப்போ சேச்சி பேசிக்கிட்டிருக்கா. உன் முறை வரும், அப்போ பேசு." அவளுக்குப் பத்து வயதுதான் இருக்கும். பையன் உட்கார்ந்துவிட்டான். அவன் முறை வந்தபோது ஐஸ் வாங்கித் தின்ற கதை வெளியே வந்தது. 'அடுத்த வாரத்துக்குள் நாற்பது ரூபாய்' என்று எழுதி, அதன் கீழே அவனிடமே கையெழுத்து வாங்கினாள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் ஜன்னலில் நின்றபடியே இருந்தேன். நான் படித்த பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுவிழாவில் கிடைத்த பதவி, வாசலில் பன்னீர்ச் சொம்பு பிடிப்பது. கொஞ்சம் தெளிவாகப் பேசினால் வரவேற்புரை, அதுவும் டீச்சர் எழுதிக் கொடுத்தது. வகுப்பு லீடர் எப்போதும் பையன்தான். பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத உயரம் வேண்டுமாம். காரணம் என்று ஒன்றைச் சொன்னார்களே, அதுவே பெரிது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டோம்.

அந்த வராந்தாப் பெண்ணின் கையில் இருந்த நீள மினிட்ஸ் நோட்டு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். அதைத் திறந்துவைத்துக்கொண்டு கூட்டம் நடத்தும் பழக்கம் மட்டும் கடையில் கிடைக்காது. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால், சுற்றிச் சுற்றி ஒரே வருஷத்தில் வந்து நிற்கிறது.

என் பாட்டி எதற்கும் கொல்லம் ஆண்டுதான் சொல்வாள். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். 1956 நவம்பர் 1 வரும்வரை குமரிப் பக்கமும் திருவனந்தபுரமும் ஒரே அரசுக்குள் இருந்தவை. 'ஆயிரத்து நூற்றிப் பதினாலு' என்றால் அவளுக்குக் கலகம் நடந்த வருஷம். நம் கணக்கில் 1938 ஆவணி முதல் அடுத்த ஆடி வரை. திவான் சி.பி. ராமசாமி அய்யர் காலம். 1938 பிப்ரவரியில் பிறந்த திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ், ஆறே மாதத்தில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு தலைவர் கைதானால் அடுத்தவர், அவரும் போனால் அதற்கடுத்தவர் என்று வரிசை போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பொறுப்புக்கு 'சர்வாதிகாரி' என்று பெயர். இன்று கேட்டால் திடுக்கிடும் சொல்தான். அதே 1938-இல் சென்னையில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் இதே பட்டம் புழங்கியது. திருவிதாங்கூரில் பதினொரு பேர் முடிந்து பன்னிரண்டாவதாக வந்தவர் ஒரு பெண். காஞ்சிரப்பள்ளிக்காரர், பள்ளித் தலைமையாசிரியை, வயது 29. பெயர் அக்கம்மா செறியான். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

1938 அக்டோபர் 23, மகாராஜா சித்திரைத் திருநாளின் பிறந்தநாள் கொண்டாட்ட நேரம். தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனை நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் கதர்த் தொப்பியோடு நடந்தார்கள், முன்னால் அக்கம்மா. சுடத் தயாராகப் படை வழிமறித்தபோது, தலைவி நான், முதலில் என்னைச் சுடுங்கள் என்று அவர் சொன்னது திருவிதாங்கூர் வரலாற்றில் தனிப் பாடமாகிவிட்டது. சுடவில்லை. சிறையிலிருந்த தலைவர்கள் விடுதலையானார்கள். காந்தி அவரைத் திருவிதாங்கூரின் ஜான்சி ராணி என்றார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த பகுதி.

பலரும் வேகமாகக் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. அதே நாட்களில் கட்சி அக்கம்மாவிடம் ஒப்படைத்த வேலை தேசசேவிகா சங்கம், அதாவது பெண்களுக்கென்று ஒரு தொண்டர் படை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேர்த்தார். ஊர்வலம் ஒரு நாளோடு முடியும். சங்கம் என்றால் பெயர்ப் பட்டியல் வேண்டும், கூட்டம் கூட்ட வேண்டும், வராதவர் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். ஒரு தலைமையாசிரியைக்கு இது கைவந்த வேலை. அக்கம்மாவின் தங்கை ரோசம்மாவும் கூடவே இருந்தார். இருவரும் சேர்ந்தே சிறைக்குப் போனார்கள். அந்தத் தங்கைதான் ரோசம்மா புன்னூஸ். 1957-இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்துக்குத் தேவிகுளத்திலிருந்து போய், முதல் ஆளாக உறுதிமொழி எடுத்தவர். மறு ஆண்டே அங்கே இடைத்தேர்தல் வந்தபோது, நம் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறிப் போய்த் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் பாடி வாக்குக் கேட்டது அவருக்காகத்தான்.

அக்காவின் கதை அப்படிப் போகவில்லை. சுதந்திரத்துக்குப் பின் அக்கம்மா மக்களவைத் தேர்தலுக்குச் சீட்டுக் கேட்டார். காங்கிரஸ் கொடுக்கவில்லை. கட்சியை விட்டு விலகி 1952-இல் சுயேச்சையாக நின்று தோற்றார். துப்பாக்கிக்கு முன்னால் நிற்க அவர் தேவைப்பட்டார், நாற்காலிக்கு மட்டும் வேறு ஆள் இருந்தார்கள். தன் வாழ்க்கையை அவர் எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பில் கொல்லம் ஆண்டு 1114 தான் இருக்கிறது. பாட்டி சொன்ன அதே வருஷம். வெள்ளயம்பலத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்க்கலாம்.

இப்போது அதே வருஷத்தில் வடக்கே போக வேண்டும். கண்ணூர் அன்றைக்குத் திருவிதாங்கூர் இல்லை. ராஜாஜி பிரதமராக இருந்த சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். அங்கே கல்யாசேரி என்ற கிராமம். 1938 டிசம்பர் 28 அன்று பிள்ளைகளைக் கூட்டி 'தேசிய பாலசங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காங்கிரசுக்குள் இருந்த சோஷலிஸ்டுகளின் ஊர் அது. விவசாயிகளுக்குச் சங்கம், ஆசிரியர்களுக்குச் சங்கம், பீடி சுற்றுபவர்களுக்குச் சங்கம் என்று எல்லாருக்கும் ஒவ்வொன்று கண்ட கை, கடைசியில் பிள்ளைகளிடமும் வந்தது. தலைவர் இ.கே. நாயனாருக்கு வயது 19. செயலாளர் குஞ்ஞனந்தன் நாயருக்கு 12.

பன்னிரண்டு வயதுச் செயலாளர் என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அலங்காரத்துக்கு வைத்த பதவியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தச் சிறுவன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1943-இல் பம்பாயில் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு நடந்தபோது, வந்தவர்களிலேயே மிக இளையவன் அவன்தான், வயது 16. பிற்காலத்தில் கிழக்கு பெர்லினில் பத்திரிகையாளராக இருந்து பெர்லின் குஞ்ஞனந்தன் நாயர் என்று பெயர் பெற்றார். முதுமையில் கட்சித் தலைமையையே பகிரங்கமாகக் கேள்வி கேட்டு வெளியேற்றப்பட்டார், பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டார். பன்னிரண்டு வயதில் கூட்டத்தில் எழுந்து பேசப் பழக்கினால் இப்படியும் ஆகும். பழக்கியவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பாருங்கள், தலைவர் பையன், செயலாளரும் பையன். தெற்கே பெண்களைத் திரட்டிய சங்கம் போராட்டத்தின் சூட்டோடு ஆறிப்போனது. வடக்கே பிள்ளைகளைத் திரட்டிய சங்கம் நிலைத்தது, ஆனால் அதன் முதல் நாற்காலிகளில் பெண் இல்லை. இந்த இரண்டு நூலும் ஒரே இடத்தில் முடிச்சு விழ எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

உலகத்தில் வேறெங்கும் இந்த நாற்காலியைப் பெண்கள் சும்மா பெற்றுவிடவில்லை. 1909 செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் பேடன் பவல் சாரணச் சிறுவர்களின் அணிவகுப்பைப் பார்வையிட வந்தபோது, அழைக்காமலே சில சிறுமிகளும் தொப்பி போட்டு வந்து நின்றுவிட்டார்கள். தாங்களும் சாரணர்தான் என்றார்கள். மறு ஆண்டு அவருடைய சகோதரி ஆக்னஸ் தலைமையில் சிறுமிகளுக்குத் தனியாகக் கைடு இயக்கம் உருவானது. 1911-இல் ஜபல்பூருக்கு வந்தது; முதலில் வெள்ளைக்காரர் வீட்டுப் பெண்களுக்கு மட்டும். கைடு இயக்கத்தில் சீருடையையும் கழுத்துத் துணியையும் பேட்ஜையும் எல்லாரும் கவனிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது பேட்ரல் என்ற சின்னக் குழு. ஆறேழு பெண்கள், அவர்களுக்குள்ளேயே ஒரு தலைவி. ஆறு பேரைச் சமாளிக்கத் தெரியாதவருக்கு அறுநூறு பேர் எப்படி அடங்குவார்கள்?

திரும்பவும் கேரளம். பாலசங்கம் இடையில் தேசாபிமானி பாலசங்கம் என்ற பெயரிலும் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு உள்ளது போலவே அதற்கும் கிளை, கிராமம், ஏரியா, மாவட்டம், மாநிலம் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் தலைவர், செயலாளர் பிள்ளைகள். பக்கத்தில் கன்வீனர் என்று ஒரு பெரியவர். கோடை விடுமுறையில் 'வேனல்தும்பி' என்று ஒரு கலைப்பயணம் கிளம்பும். தும்பி போலத் திரிந்து தெருமுனைகளில் ஆடிப் பாடி நாடகம் போடுவார்கள். வீட்டு வாசலைத் தாண்டினால் அப்பாவிடம் கேட்க வேண்டிய வயதில், ஒரு பெண் தன் குழுவோடு ஊர் ஊராகப் போய் அந்நியர்கள் முன்னால் வசனம் பேசுகிறாள். மைக் கோளாறு செய்தால் தொண்டையைத் திறக்கக் கற்றுக்கொள்கிறாள்.

இது கட்சி பிள்ளை பிடிக்கும் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் கேரளத்தில் பிள்ளைகளை எவரும் சும்மா விட்டு வைப்பதில்லை. கத்தோலிக்கச் சபைக்கு 1947-இல் பரணங்ஙானத்தில் பிறந்த செறுபுஷ்ப மிஷன் லீக் இருக்கிறது. சங்க பரிவாரத்துக்குப் பாலகோகுலம்; கிருஷ்ண ஜெயந்தியன்று மயில்பீலி செருகிய கண்ணன்கள் திருவனந்தபுரம் தெருவெல்லாம் நிறைந்து வழிவார்கள். சாஸ்திர சாகித்ய பரிஷத்துக்கு பாலவேதி. எந்தக் கொடியின் கீழ் என்பது பெற்றவர்கள் பாடு. அந்தப் பிள்ளைக்கு அங்கே கூட்டம் நடத்தக் கிடைக்கிறதா, கைதட்ட மட்டும் கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

கொடி இல்லாமல் இந்தப் பழக்கம் வீடுவீடாகப் பரவியது பெண்களுக்கான குடும்பஸ்ரீ திட்டத்தால். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் அதைத் தொடங்கிவைத்தார். அன்று கேரள முதலமைச்சர் யார் தெரியுமா? கல்யாசேரிப் பாலசங்கத்தின் அந்த 19 வயதுத் தலைவர், இ.கே. நாயனார். பத்திலிருந்து இருபது பெண்கள் வரை ஓர் அயல்கூட்டம். வாரம் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சேமிப்புப் பணம் வசூல், கடன் பாக்கி, மினிட்ஸ், கையெழுத்து. அம்மாவின் மடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்த குழந்தைகளுக்குத்தான் பிறகு பாலசபை வந்தது. அவர்களும் தலைவர், செயலாளர் தேர்ந்தெடுப்பார்கள், மேலே பாலபஞ்சாயத்து. தலைமைச் செயலக வளாகத்தில் உள்ள பழைய சட்டமன்ற மண்டபத்தில் பாலபார்லிமென்ட் நடந்திருக்கிறது. சபாநாயகர், முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் எல்லாம் பிள்ளைகள். எங்கள் சந்து வராந்தாவில் நான் பார்த்ததும் ஒரு பாலசபைதான். அந்தப் பெண் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவள் அம்மா வியாழக்கிழமைகளில் செய்வதை அவள் ஞாயிற்றுக்கிழமையில் செய்தாள்.

போலீசும் இதில் உண்டு. 2010 ஆகஸ்ட் 2-இல் தொடங்கிய ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் திட்டம், முதல் ஆண்டில் 127 பள்ளிகள், 11,176 மாணவர்கள். ஒரு அணியில் 44 பேர் என்றால் 22 பெண்கள். எனக்கு இந்தத் திட்டத்தின் காக்கி மிடுக்கில் பெரிய மயக்கம் இல்லை. வலம் திரும்பு இடம் திரும்பு என்பதால் தலைமைக் குணம் வந்துவிடும் என்று நம்பவும் இல்லை. ஆனால் அந்த 22 என்ற எண்ணை நான் மதிக்கிறேன். பாதி இடம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால், உயரம் போதவில்லை என்று எந்த டீச்சரும் சொல்ல முடியாது.

நம் பக்கத்திலும் இதற்குச் சொந்தம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் அருட்தந்தை எட்வின் ஜான் முன்னெடுத்த குழந்தைகள் பாராளுமன்றங்களில், முப்பது பிள்ளைகள் சுமாருக்கு ஒரு சபை. நீர் அமைச்சர், சுகாதார அமைச்சர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்க வேண்டியவள் எட்டாம் வகுப்புப் பெண்.

இனி 2020. அந்த டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் திருவனந்தபுரம் மாநகராட்சியை இடது முன்னணி வென்றது. மேயர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மேயராக வரக்கூடும் என்று பேசப்பட்ட மூத்த பெண் வேட்பாளர்கள் சொந்த வார்டுகளிலேயே தோற்றுப்போனார்கள். அப்போதுதான் முடவன்முகள் வார்டு உறுப்பினரின் பெயர் எழுந்தது. (நடிகர் மோகன்லாலின் குடும்ப வீடு இருக்கும் வார்டு என்று பத்திரிகைகள் மறக்காமல் எழுதின.) ஆர்யா ராஜேந்திரன், வயது 21. ஆல் செயின்ட்ஸ் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தார். அப்பா எலக்ட்ரீஷியன், அம்மா எல்.ஐ.சி. ஏஜென்ட். அப்போது அவர் வகித்த பொறுப்பு, பாலசங்கத்தின் மாநிலத் தலைவர். கல்யாசேரியில் நாயனார் உட்கார்ந்த அதே நாற்காலி.

பதவியேற்ற நாள் டிசம்பர் 28. பாலசங்கம் பிறந்த அதே நாள், 82 ஆண்டுகள் கழித்து. தேதியை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. கேரளத்தின் எல்லா மாநகராட்சிகளுக்கும் அன்றுதான் மேயர் தேர்தல். நாட்டின் மிக இளைய மேயர் என்று செய்திகள் வந்தன. கமல்ஹாசன் வாழ்த்தினார்.

அதிர்ஷ்டம் என்றார்கள் சிலர். ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்தப் பெயர் பேசப்பட்டே இருக்காது, அது நிச்சயம். மூத்தவர்கள் ஜெயித்திருந்தாலும் பேசப்பட்டிருக்காது. ஆனால் வாசல் திறந்தபோது உள்ளே நுழைய ஆள் தயாராக இருந்ததே, அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. நூறு உறுப்பினர்கள் உட்கார்ந்த அவையில், தன் வயதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வயதுள்ளவர்களைப் பார்த்து 'உங்கள் முறை வரும், உட்காருங்கள்' என்று சொல்ல வேண்டிய நாற்காலி அது. அதை 21 வயதில் முதன்முறையாகச் சொல்லிப் பார்க்க முடியாது. பத்து வயதில் ஒரு நாற்பது ரூபாய்ச் சண்டையில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அதே தேர்தலில் பத்தனம்திட்டை மாவட்டம் அருவாப்புலத்தில் ரேஷ்மா மரியம் ராய் பஞ்சாயத்துத் தலைவரானார். மனுத் தாக்கலுக்குக் கடைசி நாளுக்கு முந்தைய நாள்தான் அவருக்கு 21 முடிந்திருந்தது.

ஆர்யாவின் ஐந்து வருஷம் பூவாக இருக்கவில்லை. சர்ச்சைகள் வந்தன, எதிர்க்கட்சிகள் ராஜினாமா கேட்டுப் போராடின, வயதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் பதவிக்காலம் முழுக்கவே செய்தார்கள். 2025 டிசம்பர் தேர்தலில் அவர் நிற்கவில்லை. மாநகராட்சி பாரதிய ஜனதாவிடம் போனது. நல்ல மேயரா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு, சாலை மார்க்கெட்டில் காய் வாங்கும் நேரத்துக்குள் இரண்டையும் கேட்டுவிடலாம். ஆண் மேயர்களையும் இப்படித்தான் பேசினார்கள். அந்த வகையில் சமம் வந்துவிட்டது.

மேலே போகப் போகத்தான் கணக்கு இடிக்கிறது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று கேரளம் 2009-இல் சட்டம் செய்து, 2010 தேர்தலிலிருந்து நடைமுறைப்படுத்தியது. சட்டமன்றத்துக்கு அப்படிச் சட்டம் இல்லாத 2021-இல், 140 பேரில் தேர்வான பெண்கள் 11. பாலசபை வராந்தாக்களில் நோட்டைப் பிடிக்கும் பெண்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதினொன்று உறுத்தும். வழியில் எங்கேயோ நோட்டு கை மாறுகிறது.

சென்ற ஓணத்துக்குக் கரமனைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். எந்தக் கட்சியிலும் இல்லை, மேயராகும் ஆசையும் இல்லையாம். சந்தின் ரெசிடெண்ட்ஸ் அசோசியேஷனில் வரவு செலவும் மினிட்ஸும் அவள்தான் எழுதுகிறாள்; பெரியவர்களே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் யார் என்று கேட்டேன். ஐஸ் தின்ற பையனின் அப்பா.